பினாங்கு தேசியப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போய் வர: ஒரு முழுமையான வழிகாட்டி

பள்ளி விடுமுறை நெருங்கினால் எங்கள் சொந்தக்காரர்களின் வாட்சாப் குழுவில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது: "தெலுக் பஹாங் காட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா? குரங்கு பாய்ந்து கடிக்கும் என்கிறார்களே?"

தாராளமாகப் போகலாம். பல வருடங்களாகப் போய் வருகிறேன். அங்கே யாராவது கடிபட்டோ அடிபட்டோ நான் பார்த்தபோதெல்லாம், பின்னால் இருந்த காரணம் மூன்றில் ஒன்று: கையில் திறந்த சாப்பாடு, காலில் ஜப்பான் செருப்பு, வெயில் ஏறிய பிறகு கிளம்பியது. மூன்றுமே நம் கையில் இருப்பவை. அதனால் கிளம்புவதற்கு முந்தின நாள் தொடங்கி வீடு திரும்பிய பிறகு வரை என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். பினாங்குத் தீவின் வடமேற்கு மூலையில், தெலுக் பஹாங் ஊரை ஒட்டி, முன்பு பந்தாய் ஆச்சே வனக்காப்பகமாக இருந்த காடுதான் 2003இல் தேசியப் பூங்கா ஆனது. உலகின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் இதுவும் ஒன்று என்பார்கள். 2021இல் யுனெஸ்கோ அறிவித்த பினாங்கு மலை உயிர்க்கோளக் காப்பகத்துக்குள்ளும் வருகிறது. சிறியது என்பதால் ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே உள்ள குரங்குக்கும் ஆமைக்கும் விலகிப் போக வேறு இடம் அதிகம் இல்லை. விலக வேண்டியவர்கள் நாம்தான்.

1. எந்தப் பாதை என்று வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்

வாசலிலிருந்து கடலோரமாகக் கொஞ்ச தூரம் நடந்ததும் பாதை இரண்டாகப் பிரியும். வலது பக்கம் கரையை ஒட்டியே தெலுக் டுயோங் போகிறது. மங்கி பீச் என்று எல்லோரும் சொல்வது அதுதான். இடது பக்கம் மலை ஏறி இறங்கி பந்தாய் கெராச்சூட் போகிறது. இரண்டுமே வாசலிலிருந்து ஏறக்குறைய 3.4 கிலோமீட்டர். கிலோமீட்டரைப் பார்த்து ஏமாற வேண்டாம். நகரத்தில் முக்கால் மணி நேரத்தில் நடக்கும் தூரம், இங்கே வேரும் பாறையும் ஏற்றமும் சேர்ந்து ஒன்றரை மணி நேரம் ஆகும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மங்கி பீச்சுக்கு அப்பால் இன்னும் ஏறினால் முக்கா ஹெட் கலங்கரை விளக்கம். 1883இல் கட்டியது. கடைசி ஏற்றம் கடுமையானது. பாட்டி தாத்தாவைக் கூட்டிப் போகிறவர்கள் அதை விட்டுவிடலாம்.

முதல் தடவை போகிறவர்களுக்கு என் யோசனை இது: ஒரு பக்கம் மட்டும் நடந்து போங்கள், திரும்பும்போது படகில் வாருங்கள். மழைக்குப் பிறகு மரம் சாய்ந்தோ மண் சரிந்தோ ஏதாவது ஒரு பாதை மூடப்பட்டிருப்பது உண்டு. எது திறந்திருக்கிறது என்று வாசலில் உள்ள அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் முடிவை உறுதி செய்ய வேண்டும். மூடிய பாதையில் யாரோ போகிறார்கள் என்று நாமும் பின்னால் போகக் கூடாது.

2. முந்தின நாள் இரவு பையைக் கட்டுங்கள்

தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். வழியில் கடை கிடையாது. ஓடைத் தண்ணீர் தெளிவாகத்தான் தெரியும், ஆனாலும் குடிக்க வேண்டாம். எலி போன்ற விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து லெப்டோஸ்பைரோசிஸ் தொற்றும். ஊரில் "எலிச் சிறுநீர் காய்ச்சல்" என்கிறோமே, அதுதான். காலில் புண் இருந்தால் பிளாஸ்டர் போட்டு மூடிவிட்டு ஓடையில் இறங்குங்கள்.

முன்பக்கம் மூடிய, அடியில் பிடிப்புள்ள சப்பாத்து. பழையது போதும். முழங்கால் வரை மூடும் கால்சட்டை, மெல்லிய நீளக்கைச் சட்டை, கொசு மருந்து, மழைச்சட்டை, ஒரு டார்ச் லைட். பகலில் போய் வருவதற்கு எதற்கு டார்ச் என்று கேட்பார்கள். பினாங்கில் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் மறைகிறது என்றாலும், மரத்தடியில் ஆறு மணிக்கே வேர் எது, நிழல் எது என்று தெரியாது.

முதலுதவிப் பையில் சோப்பு ஒரு துண்டு, கட்டுத் துணி, சின்ன போத்தலில் சமையல் வினிகர், கிருமிநாசினி, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள். சோப்பும் வினிகரும் எதற்கு என்று கீழே வருகிறது.

இனி சாப்பாடு. நாசி லெமாக் பொட்டலத்தை பிளாஸ்டிக் பையில் முடிந்து கையில் தொங்கவிட்டுக்கொண்டு போவதுதான் நம்மவர்கள் செய்யும் முதல் தவறு. மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு, டப்பாவை முதுகுப்பைக்குள் வைத்து, ஜிப்பை முழுக்க இழுத்து மூடுங்கள். சரசரக்கும் பிளாஸ்டிக் பை ஒன்றுகூட வெளியே தெரியக் கூடாது. அங்குள்ள குரங்குகளுக்கு அந்தச் சத்தம் சாப்பாட்டு மணி. வாழைப்பழத்தை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

3. சீக்கிரம் போய், பெயரைப் பதிந்துவிட்டுப் புறப்படுங்கள்

கார் இல்லாதவர்கள் ஜார்ஜ்டவுனிலிருந்து ரேப்பிட் பினாங்கின் 101 பஸ்ஸில் ஏறி தெலுக் பஹாங்கில் இறங்கலாம். பத்து ஃபெரிங்கி வழியாக வளைந்து வருவதால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலை எட்டரை, ஒன்பது மணிக்குள் வாசலில் இருப்பது நல்லது. மதியத்துக்குப் பிறகு இடியோடு மழை வருவது இங்கே சகஜம். செப்டம்பர் முதல் நவம்பர் வரை இன்னும் அதிகம்.

பதிவுப் புத்தகத்தில் பெயர், எத்தனை பேர், எந்தக் கடற்கரை என்று எழுதுவதைச் சிலர் வெறும் சம்பிரதாயம் என்று நினைக்கிறார்கள். சாயங்காலம் ஒரு குடும்பம் திரும்பவில்லை என்றால் எந்தப் பக்கம் தேடுவது என்பதை அந்த ஒரு வரிதான் சொல்லும். காட்டுக்குள் போன பிறகு பல இடங்களில் போன் லைன் கிடைக்காது. அதனால் வீட்டில் இருக்கும் ஒருவருக்கும் "நாலு மணிக்குள் அழைப்பேன்" என்று தகவல் அனுப்பிவிட்டு நடையைத் தொடங்குங்கள்.

4. நடக்கும்போது

குழுவில் மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். பிள்ளைகள் இரண்டு பெரியவர்களுக்கு நடுவில். கை வைப்பதற்கு முன் அந்த இடத்தைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். ரோத்தான் எனப்படும் பிரம்புக் கொடியின் முள்ளும் எறும்பும் குளவியும் எங்கும் இருக்கும். பாட்டுப் பெட்டி வேண்டாம். சத்தம் இல்லாமல் நடந்தால் தலைக்கு மேலே வெள்ளை வயிற்றுக் கடற்கழுகு வட்டமிடுவதையும், அதிர்ஷ்டம் இருந்தால் கரையோரம் நீர்நாய்க் குடும்பம் போவதையும் பார்க்கலாம். பாதையை விட்டு குறுக்கு வழியில் இறங்க வேண்டாம். இடி இடித்தால் ஒற்றையாக நிற்கும் பெரிய மரத்தடியில் ஒதுங்கக் கூடாது, கடற்கரைத் திறந்த வெளியிலும் நிற்கக் கூடாது.

5. குரங்கு: நிறுத்தி நிதானமாகப் படியுங்கள்

சில வருடங்களுக்கு முன்னால் தண்ணீர்மலைக் கோயிலில் அர்ச்சனை முடித்துவிட்டு, பக்கத்திலிருக்கும் தாவரவியல் பூங்காவுக்குக் குடும்பமாக நடந்தோம். அம்மாவின் கைப்பையில் அர்ச்சனைத் தட்டில் வந்த வாழைப்பழம் நான்கு இருந்தது. "அனுமாருக்குக் கொடுத்தால் புண்ணியம்டா" என்று ஒரு பழத்தை எடுத்தார். குட்டிக் குரங்கு ஒன்று வந்து அழகாக வாங்கிக்கொண்டது. அண்ணன் மகளுக்கு அப்போது ஐந்து வயது. கை தட்டிச் சிரித்தாள். இரண்டாவது பழத்தை அவள் கையில் அம்மா கொடுத்தபோது, பின்னால் இருந்த பெரிய கடுவன் தரையோடு தரையாக வந்தது. சத்தமே இல்லை. பழத்தை அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், அது இழுத்தது. ஒரு நொடிதான். பழத்தோல் கிழிந்து தரையில் கிடந்தது, அவள் புறங்கையில் மூன்று கோடுகளாக ரத்தம். அம்மா அன்று முழுவதும் பேசவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா கொடுத்தது அன்பினால். அதனால்தான் இதை நம்மவர்களுக்குக் குறிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் குரங்குக்கு நம் பழம் தேவையே இல்லை. மலாயில் கெரா எனப்படும் இந்த நீள்வால் குரங்கு காட்டுப் பழம், இளந்தளிர், பூச்சி, கரையோரத்து நண்டு, சிப்பி எல்லாம் தின்று வாழத் தெரிந்தது. கன்னத்துப் பையில் பழங்களை அடக்கிக்கொண்டு போய் வேறு இடத்தில் கொட்டையைத் துப்பும். காடு பரவுவதில் அதற்கும் பங்கு உண்டு. மனிதன் கையில் சாப்பாடு இருக்கும் என்று ஒரு முறை பழகிவிட்டால் பயம் போய்விடுகிறது. அடுத்து வருகிறவர் கொடுக்காதபோது பிடுங்குகிறது. பிடுங்கினால் புகார் போகிறது. புகார் பெருகினால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் வந்து கூண்டு வைக்கிறது. பிடிபட்ட குரங்கு பெரும்பாலும் உயிரோடு காட்டுக்குத் திரும்புவதில்லை. எங்கு பார்த்தாலும் இருக்கிறதே என்று தோன்றும் இந்தக் குரங்கை, அருகிவரும் இனங்களின் பட்டியலில் 2022இல் ஐயூசிஎன் எனும் உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு சேர்த்தது. "ஜங்கான் பெரி மாக்கான்", சாப்பாடு கொடுக்காதீர்கள் என்று பலகை வைத்திருப்பதற்கு இத்தனை காரணம் இருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் மனம் சங்கடப்பட்டால், அந்தப் பழத்தைக் கோயிலிலேயே பசித்த ஒருவருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். எங்கள் அம்மா இப்போது அப்படித்தான் செய்கிறார்.

சரி, எதிரே குரங்குக் கூட்டம் வந்துவிட்டது. என்ன செய்வது?

கண்ணுக்குள் பார்க்காதீர்கள், பல் தெரியச் சிரிக்காதீர்கள். உற்றுப் பார்ப்பதை அது சண்டைக்கு அழைப்பதாக எடுத்துக்கொள்ளும். வாயை வட்டமாகத் திறந்து, புருவத்தை மேலே தூக்கி உங்களைப் பார்த்தால் அது மிரட்டுகிறது என்று அர்த்தம். பையை முன்பக்கம் மாற்றி அணைத்துக்கொள்ளுங்கள், சின்னப் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளுங்கள், ஓடாமல், முழுதாக முதுகைக் காட்டாமல், பக்கவாட்டில் மெதுவாக விலகுங்கள். தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் போய் நிற்க வேண்டாம். குட்டி தனியாக இருப்பது போலத் தெரிந்தாலும் தாய் பக்கத்தில்தான் இருக்கும். கல்லெடுத்து எறிவது, குச்சியால் அடிப்பது, கத்துவது எதுவும் வேண்டாம். ஏதாவது பிடித்து இழுத்தால் விட்டுவிடுங்கள். மூக்குக்கண்ணாடியாக இருந்தாலும் சரி, இழுபறி கூடாது.

கடித்தாலோ பிறாண்டினாலோ, தோல் கொஞ்சமே கிழிந்திருந்தாலும், சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் முழுசாகப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். பதினைந்து நிமிடம் என்பது கடிகாரம் பார்த்து. மஞ்சள், காப்பித்தூள், எண்ணெய் எதுவும் வைக்கக் கூடாது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். டெட்டனஸ் ஊசியோடு, ரேபிஸ் தடுப்பு வேண்டுமா, இந்த வகைக் குரங்கு சுமக்கக்கூடிய பி வைரஸுக்கு மருந்து வேண்டுமா என்பதை மருத்துவர் தீர்மானிப்பார். அதனால் கடித்தது குரங்கு என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

6. மற்ற உயிர்கள்

கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு, சாம்பல் நிறத்தில், கிளையில் அமைதியாக உட்கார்ந்திருப்பது லோத்தோங் எனப்படும் இலைக்குரங்கு. அதன் குட்டி பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். முதல் முறை பார்க்கிறவர்கள் பொம்மை என்றே நினைப்பார்கள். இலையை நொதிக்கவைத்துச் செரிக்கும் பல அறை வயிறு அதற்கு. ரொட்டியும் பிஸ்கட்டும் அந்த வயிற்றைக் கெடுக்கும். இதுவும் அருகிவரும் இனம். தெலுக் பஹாங் சாலையைக் கடக்கும்போது வண்டியில் அடிபட்டுச் சாவதைத் தடுக்க, லங்கூர் புராஜெக்ட் பினாங்கு குழுவினர் 2019இல் பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு சாலைக்கு மேலே ஒரு பாலம் கட்டினார்கள். பூங்காவுக்குப் போகும்போது அந்தச் சாலையில் காரை மெதுவாக ஓட்டுங்கள். நாம் செய்ய வேண்டிய மரியாதை வாசலுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

உடும்பு, நம்மவர்கள் பியாவாக் என்றே சொல்வது, இரண்டு மீட்டர் வரைகூட வளரும். செத்த மீனையும் மிச்சம் மீதியையும் தின்று கரையைச் சுத்தம் செய்வது அதன் வேலை. வழியை மறிக்காமல் நாலைந்து மீட்டர் தள்ளி நின்றால் அது தன் வழியில் போய்விடும். மூலையில் மடக்கினால்தான் வாலால் அடிக்கும், கடிக்கும்.

பாம்புக் கோயிலில் பார்த்த பச்சைப் பாம்பு நினைவிருக்கிறதா? அந்த வாக்ளர் குழிவிரியன் இந்தக் காட்டிலும் உண்டு. தாழ்ந்த கிளையில் நாள் முழுவதும் அசையாமல் சுருண்டிருக்கும். கோயிலில் பார்த்த தைரியத்தில் கிட்டே போய் செல்ஃபி எடுக்க வேண்டாம். எந்தப் பாம்பு கடித்தாலும் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து, 999 அவசர எண்ணுக்கு அழைத்து, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். பாம்பை அடித்து எடுத்துப்போகத் தேவையில்லை. தூரத்திலிருந்து ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும்.

7. கடற்கரை

தண்ணீரைப் பார்த்ததும் பிள்ளைகள் குதிக்கத்தான் நினைப்பார்கள். இந்தக் கரைகளில் உயிர்காப்பாளர் கிடையாது. பினாங்குக் கடலில் ஜெல்லி மீன் உண்டு, கடும் விஷமுள்ள பெட்டி ஜெல்லி மீனும் அதில் அடக்கம். எச்சரிக்கைப் பலகை இருக்கும் கரையில் பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்கவே விடாதீர்கள். கரை ஒதுங்கிச் செத்துக் கிடக்கும் ஜெல்லி மீனையும் தொடக் கூடாது, அதன் கொட்டும் செல்கள் அப்போதும் வேலை செய்யும்.

கொட்டிவிட்டால் தேய்க்காதீர்கள், மணல் போடாதீர்கள், குடிதண்ணீரால் கழுவாதீர்கள். பையில் உள்ள வினிகரை அரை நிமிடத்துக்குக் குறையாமல் ஊற்றிவிட்டு, ஒட்டியிருக்கும் இழைகளைக் குச்சியால் எடுங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 999.

பந்தாய் கெராச்சூட்டில் ஒரு அபூர்வமான ஏரி இருக்கிறது. மழைக்காலத்தில் மேலே நன்னீரும் அடியில் உப்புநீரும் கலக்காமல் அடுக்காக நிற்கும். அடியில் உள்ள கடல்நீர்தான் வெதுவெதுப்பாக இருக்கும். வறண்ட நாட்களில் போனால் சேறுதான் தெரியும், ஏமாற்றம் வேண்டாம். அதில் கல்லெறிவதோ இறங்குவதோ கூடாது.

அதே கரையில் மீன்வளத் துறையின் ஆமைப் பாதுகாப்பு மையம் உள்ளது. பச்சை ஆமைகள் பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை முட்டையிட வருகின்றன. ஒரு குழியில் நூறு முட்டை அளவுக்கு இருக்கும், பொரிய இரண்டு மாதம் ஆகும். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு வெளிச்சம் தெரியும் திசையைக் கடல் என்று நம்பி ஓடும். நம் கைபேசி விளக்கே அதைத் திசை திருப்பப் போதும். கூடாரம் போட அனுமதி வாங்கித் தங்குகிறவர்கள் இரவில் கடல் பக்கம் விளக்கு அடிக்க வேண்டாம், தீ மூட்ட வேண்டாம், ஆமை மேலே வந்தால் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பிள்ளைகள் கட்டிய மணல் வீட்டையும் தோண்டிய பள்ளத்தையும் கிளம்பும் முன் சமன் செய்துவிடச் சொல்லுங்கள். உள்ளங்கையில் அடங்கும் அந்தக் குஞ்சுக்கு அது கிணறு. மையத்தில் தொட்டியில் இருக்கும் குஞ்சுகளைக் கையில் எடுக்கக் கூடாது. சிப்பியும் பவளத் துண்டும் கரையிலேயே இருக்கட்டும்.

8. திரும்புவது

படகில் திரும்புவதென்றால் காலையிலேயே படகுக்காரரிடம் நேரம் பேசி, எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கெராச்சூட்டில் லைன் சரியாகக் கிடைக்காததால் "அங்கே போய் அழைக்கலாம்" என்பது நடக்காது. சாயங்காலம் அலை எழும்பும் என்பதால் மூன்று மணி நல்ல நேரம். உயிர்காப்புச் சட்டை எல்லோருக்கும் இருக்கிறதா, பிள்ளைகளுக்கு அளவு சரியாக இருக்கிறதா என்று ஏறும் முன்பே பாருங்கள். இல்லையென்றால் ஏற வேண்டாம். கடல் கொந்தளிப்பாக இருந்து படகுக்காரர் மறுத்தால் கெஞ்சிக் கட்டாயப்படுத்தக் கூடாது. நடந்து திரும்ப நேரமும் தண்ணீரும் மிச்சம் இருக்க வேண்டும் என்பது அதற்காகத்தான்.

குப்பை எல்லாம் உங்கள் பையிலேயே திரும்பட்டும். பழத்தோலும் கோழி எலும்பும் சேர்த்துத்தான். நிரம்பி வழியும் தொட்டியில் திணித்தால் ஐந்தே நிமிடத்தில் குரங்கு இழுத்துப் போட்டுவிடும். வாசலில் வந்ததும், திரும்பிவிட்டோம் என்று அலுவலகத்தில் சொல்லுங்கள், வீட்டுக்கும் அழையுங்கள்.

9. வீட்டுக்கு வந்த பிறகு

குளிக்கும்போது பிள்ளைகளின் முழங்கால் பின்புறம், அக்குள், தலைமுடிக்குள் உண்ணி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், அடுத்த ஒரு மாதம் காய்ச்சலைச் சாதாரணமாக விடாதீர்கள். நீள்வால் குரங்குகளின் ரத்தத்தில் இருக்கும் ஒரு வகை மலேரியாக் கிருமி, காட்டுக் கொசு வழியாக மனிதனுக்கும் வருகிறது. நோலெசி மலேரியா என்பார்கள். மலேசியாவில் இன்றைக்கும் மக்களுக்கு வரும் மலேரியா பெரும்பாலும் அதுதான். அது உடலில் மிக வேகமாகப் பெருகும், ஆனால் சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்தில் குணமாகிவிடும். எலிச் சிறுநீர் காய்ச்சலும் இதே நாட்களுக்குள்தான் தலைகாட்டும். இரண்டுமே தொடக்கத்தில் சாதாரணக் காய்ச்சல், உடம்பு வலி மாதிரிதான் இருக்கும். கிளினிக்கில் டாக்டர் கேட்கும் வரை காத்திருக்காமல், "இந்தத் தேதியில் தெலுக் பஹாங் காட்டுக்குப் போயிருந்தோம், ஓடையில் இறங்கினோம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எந்த ரத்தப் பரிசோதனை எடுப்பது என்பதை அந்த ஒரு தகவல்தான் அவருக்குக் காட்டும்.